நெடுந்தூர ஓட்டமும் உடனிருப்பவரின் உறக்கமும்

மார்கழி பிறந்துவிட்டால் ஓடைப்பட்டியில் விடியல் மெதுவாக வருகிறது. மேகமலைப் பக்கமிருந்து இறங்கும் பனி திராட்சைப் பந்தல்களின் மேல் தங்கி, வெயில் ஏறும் வரை கலையாமல் நிற்கிறது. சீப்பாலக்கோட்டைச் சாலையில் அந்நேரத்தில் தோட்ட வேலைக்குப் போவோரையும் பால் கேன் கட்டிய வண்டிகளையும் காணலாம். அவர்களோடு, இருள் பிரியும் முன்பே ஓடத் தொடங்கிவிடும் இளைஞர்களையும் இப்போது காண்கிறோம். பெரும்பாலோர் காவலர் தேர்வுக்கோ இராணுவ ஆள்சேர்ப்புக்கோ ஆயத்தமாகிறவர்கள். ஓட்டத்துக்காகவே ஓடுகிறவர்களும் அவர்களுள் உண்டு.

இவர்களைப் பற்றிய பேச்சு எப்படியோ எங்கள் வார்டுக்குள்ளும் வந்துவிடுகிறது. பக்கவாதத்துக்குப் பின் எழுந்து நிற்கப் பழகும் ஒருவரிடம், பார்க்க வந்த உறவினர் சொல்கிறார்: “நூறு கிலோமீட்டர் ஓடுறவன்லாம் இருக்கான். இந்த வராந்தாவ நடந்து கடக்க முடியலையா, மாமா? மனசு வச்சா எல்லாம் முடியும்.” சொல்பவர் அன்பால்தான் சொல்கிறார். கேட்பவர் தலையைக் குனிந்துகொள்கிறார். தம் காலின் தளர்ச்சியோடு மனத்தின் குறையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியவராகிறார். இந்த ஒப்பீடு தவறானது என்பதே எங்கள் கருத்து. நெடுந்தூர ஓட்டக்காரரிடமிருந்து நோயாளி கற்க வேண்டியவை நிறைய உண்டு; மனவுறுதி அவற்றுள் முதலாவது அன்று.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதற்கு மேற்பட்டது எதுவாயினும் அல்ட்ரா மாரத்தான் எனப்படும். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 24 மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் அதில் பல வகை. நாள்கணக்கில் நீள்பவையும் உண்டு. நம் நாட்டில் இத்தகைய ஓட்டத்துக்கு உடலை ஆயத்தம் செய்ய உகந்த காலம் குளிர்காலம். வெயிலில் ஓடும்போது இதயம் தசைகளுக்கு இரத்தத்தை அனுப்புவதோடு, உடற்சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. குளிரில் அந்த இரண்டாவது சுமை குறைகிறது. அதே வேகத்தைக் குறைந்த துடிப்பிலேயே எட்டிவிட முடிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மாசி வெயில் ஏறுவதற்குள் கிடைக்கும் சில வாரங்களைத்தான் தமிழகத்து ஓட்டக்காரர்கள் பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

அந்த வாரங்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். பயிற்சியின் பெரும்பகுதி மெதுவான ஓட்டம். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். ஏற்றம் வந்தால் வெட்கமின்றி நடக்கிறார்கள். இரண்டு மூன்று வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், அடுத்த வாரம் வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு உறங்கப் போய்விடுகிறார்கள். பாதத்தில் ஒரு கொப்புளம் தோன்றினால் அன்றைய முதல் வேலை அதைக் கவனிப்பதுதான். போட்டிக்கு முந்தைய இரு வாரங்களில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகவே தோன்றும். கவாத்து செய்த திராட்சைக்கொடியைப் புதிதாகப் பார்ப்பவருக்கு அது பட்டுப்போன கொடியாகத் தோன்றுவது போலத்தான். கொடி வளர்த்தவருக்கு அது இன்னும் நான்கு மாதத்தில் என்ன தரும் என்று தெரியும்.

சூஃபியா கான் என்னும் ராஜஸ்தானத்துப் பெண்மணியை எடுத்துக்கொள்வோம். தில்லி விமான நிலையத்தில் பணிபுரிந்தவர். 2019-இல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 87 நாட்களில் ஓடி முடித்தார். பின்னர் தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் தங்க நாற்கரச் சாலை முழுவதையும் ஓட எண்ணி, 2020 டிசம்பர் 16 அன்று, வட இந்தியக் குளிர் முற்றிய நேரத்தில் தில்லியில் தொடங்கினார். 6,002 கிலோமீட்டர். 2021 ஏப்ரல் 6 அன்று, 111ஆம் நாள், நிறைவு செய்தார். கின்னஸ் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது.

6,002 என்ற எண்ணைக் கேட்டவுடன் மலைப்பு வருகிறது. ஆயினும் அதை நாட்களால் வகுத்துப் பாருங்கள்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 54 கிலோமீட்டர். மிதமான ஓட்டத்தில் அது எட்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின் ஆகலாம். எஞ்சிய பொழுதெல்லாம் உண்பதற்கும், காலை நீவிவிட்டுக்கொள்வதற்கும், உறங்குவதற்கும் உரியது. சாதனை என்று நாம் கொண்டாடும் ஓட்டத்தைக் காட்டிலும் அந்தப் பொழுதின் பங்கு பெரிது. அவருடன் ஒரு துணைக்குழு சென்றது என்பதையும் மறந்துவிடலாகாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

நோயாளியின் நடைக்கு வருவோம். இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை என்று ஒன்று செய்யப்படுகிறது. உங்களுள் சிலருக்குச் செய்தும் இருப்பார்கள். 30 மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான். நடப்பவர் வேகத்தைக் குறைக்கலாம். நிற்கலாம். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கலாம். கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002-இல் வெளியிட்ட நெறிமுறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: சோதனை செய்பவர் நோயாளியுடன் சேர்ந்து நடக்கக்கூடாது. சேர்ந்து நடந்தால், நோயாளி தம் உடலின் வேகத்தை விட்டுவிட்டு மற்றவர் வேகத்தைப் பிடிக்க முயல்வார்.

வீட்டிலும் இதுவே நிகழ்கிறது. மகன் கையைப் பிடித்து “வாங்கப்பா, இன்னும் கொஞ்சம்” என்று இழுக்க, தகப்பனார் மகனுடைய வேகத்தில் நடக்கிறார். துணைக்குச் செல்லும்போது அரை அடி பின்னால் செல்லுங்கள். தடுமாறினால் தாங்கும் தொலைவில் இருந்தால் போதும். அவரால் வாக்கியம் முடிக்கும் அளவுக்குப் பேச முடிகிறதா என்று கவனியுங்கள். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். நெஞ்சில் அழுத்தமோ, தலைச்சுற்றலோ, கண் இருட்டலோ வந்தால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது. எங்களுக்கோ உங்கள் மருத்துவருக்கோ உடனே தெரிவியுங்கள். எவ்வளவு நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டக்காரர்களின் மார்கழி விடியல் இதய நோயாளிக்கு உரியதன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. வெயில் வந்து பனி விலகிய பின் நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

இவை நம் ஊருக்குப் புதியனவும் அல்ல. கார்த்திகையில் மாலை அணிந்து ஒரு மண்டலம் விரதம் இருப்பவர்கள் சின்னமனூர், கம்பம் வழியே குமுளி நோக்கிப் போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். நல்ல குருசாமி, குழுவில் மிகத் தளர்ந்தவருடைய நடைக்கே குழு முழுவதையும் நடத்துவார். முதன்முறை வருகிற கன்னிசாமியை யாரும் பரிகசிப்பதில்லை. வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் இருக்கின்றன. ஓட்டப்போட்டிகளில் ஐந்து, பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அமைக்கப்படும் உதவி மையங்கள் இவற்றின் தம்பிகள்தாம். (நேர்த்திக்கடன் உள்ளவர்கள் பொறுத்தருள வேண்டும்: நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்திருப்பவர்கள் வெறுங்காலுடன் நெடுந்தூரம் நடக்க வேண்டாம். முள் குத்தியது தெரியாமல் புண் முற்றிய பின் வருகிறார்கள்.)

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில், நம் மூதாதையர் பலர் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிச் சென்ற டர்பன் நகருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே, காம்ரேட்ஸ் மாரத்தான் என்ற ஓட்டம் 1921 முதல் நடைபெற்று வருகிறது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்குள்ள குளிர்காலத்தில்தான் நடக்கும். நீண்டநேர ஓட்டங்களில் மயங்கி விழுபவர்களுக்கு நீர்ச்சத்துக் குறைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். டிம் நோக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர் தம் குழுவினருடன் 1985-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை வேறொன்றையும் காட்டியது. சிலர் விழுந்தது தேவைக்கு மேல் தண்ணீர் குடித்ததால். குடித்த நீர் இரத்தத்திலிருந்த சோடியத்தை நீர்க்கச் செய்து, குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கியிருந்தது. வழியெங்கும் நின்று அன்போடு தண்ணீர் நீட்டியவர்கள் எவரும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர்.

வார்டில் “சோடியம் குறைஞ்சிருச்சு” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் நாளொன்றுக்கு இவ்வளவுதான் நீர் என்று அளவு சொல்லப்படுவது இதுபோன்ற காரணங்களால். இளநீர் இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று கொண்டுவருகிறீர்கள். அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதானவருடைய உடல் அதை வெளியேற்ற முடியாமல் தவிக்கும், இதயத்துடிப்பே தடுமாறலாம். நம் ஊர்த் திராட்சையை நாங்கள் குறை சொன்னால் ஊருக்குள் நடமாட முடியாது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆயினும் சர்க்கரை அளவு கட்டுக்குள் வராத ஒருவரின் தலைமாட்டில் இரண்டு கிலோ திராட்சைப் பையை வைத்துவிட்டுப் போவது அன்பின் வெளிப்பாடு என்று எங்களால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

இப்போது துணைக்குழுவுக்கு வருகிறோம். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பீச் ஃபாரஸ்ட் என்ற ஊரில் கிளிஃப் யங் என்றொரு உருளைக்கிழங்கு விவசாயி இருந்தார். 1983-இல், தம் 61ஆம் வயதில், சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரையிலான 875 கிலோமீட்டர் போட்டியில் கலந்துகொண்டு, இளைஞர்களையெல்லாம் முந்தி, 5 நாள் 15 மணி 4 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். பரிசாகக் கிடைத்த பத்தாயிரம் டாலரை, ஓட்டத்தை முடித்த மற்ற ஐவருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார். நம் ஊர்ப் பட்டிமன்றங்கள் வரை வந்துவிட்ட கதை இது. மற்றவர்கள் இரவில் படுத்து உறங்க, அவர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தார் என்பதையே எல்லாரும் அழுத்திச் சொல்கிறார்கள். உறங்காமல் உழைத்தால் வெல்லலாம் என்று முடிக்கிறார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1982-இன் இறுதியில், ஆட்வே மலைப்பகுதியில் பல மாதம் பயிற்சி செய்துவிட்டு, கோலாக் என்ற ஊரில் 1,000 மைல் ஓட்டத்தில் உலகச் சாதனையை முறியடிக்க அதே கிளிஃப் யங் முயன்றார். பாதித் தொலைவைச் சற்றே கடந்து, 805 கிலோமீட்டரில் நிறுத்த நேர்ந்தது. மனவுறுதி அப்போதும் அதே மனிதரிடம் இருந்தது, கால்களும் அவையேதாம். அவருக்கும் அவருடைய துணைக்குழுவுக்கும் அத்தகைய ஓட்டத்தில் பட்டறிவு இல்லை, ஆயத்தமும் போதவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டதாக அவரே கூறியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் 1983.

பல நாள் ஓட்டங்களில் துணைக்குழுவினர் முறைவைத்து உறங்குகிறார்கள். வண்டி ஓட்டுபவர் ஒருவர், உணவு தருபவர் ஒருவர், பாதத்தைக் கவனிப்பவர் ஒருவர். ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் கட்டாயம் படுத்தாக வேண்டும். தூக்கக் கலக்கத்திலுள்ள துணையாளர் உப்பு கொடுத்தோமா என்பதை மறந்துவிடுவார். நிறுத்தச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஓடச் சொல்லிவிடுவார். ஓட்டக்காரர் தம் நிலையைத் தாமே அறிய இயலாத அளவுக்குக் களைத்திருக்கும்போது, அவருக்காகச் சிந்திக்கும் மூளை துணையாளருடையதுதான்.

எங்கள் வார்டுக்கு வாருங்கள். நோயாளிக்குத் துணையாக இருப்பவர், நாங்கள் அட்டெண்டர் என்று அழைப்பவர், பெரும்பாலும் ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். கட்டிலுக்கு அடியில் பாய். தலைக்கு மடித்த சேலை. இரவு பத்து மணிக்கு ஊசி, இரண்டு மணிக்குச் சலைன் பாட்டில், நான்கு மணிக்கு இரத்தப் பரிசோதனை. விடிந்தால் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபிக்கு ஓட்டம். பதினொரு நாள், பன்னிரண்டு நாள் அதே பெண், அதே பாய். அவருக்கு யாரும் இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. “உங்களுக்கு என்ன, நல்லா இருக்கீங்களே மதினி” என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாள் அவரே காய்ச்சலோடு வெளிநோயாளிப் பிரிவுக்கு வருவதைப் பலமுறை பார்த்துவிட்டோம்.

இதில் எங்கள் குறையும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. டிஸ்சார்ஜ் நாளில், உறங்காத அந்தப் பெண்ணிடம்தான் ஏழு வகை மாத்திரைகளைப் பற்றி ஐந்தே நிமிடத்தில் சொல்லி அனுப்புகிறோம். அவர் தலையாட்டுகிறார். என்ன கேட்டார், என்ன பதிந்தது என்று நாங்கள் திரும்பக் கேட்பதில்லை. பின்னர் மாத்திரை மாறிப்போனால் “சொன்னோமே” என்கிறோம். சொன்னது உண்மை. சொல்லத்தக்க ஆளிடம், சொல்லத்தக்க நேரத்தில் சொன்னோமா என்பது வேறு கேள்வி.

இரண்டு பேரை அமர்த்துங்கள் என்று எழுதுவது எளிது. கூலிக்குப் போகும் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் இருந்தாலே ஒரு நாள் சம்பளம் போய்விட்டது. திராட்சை அறுவடை நேரத்தில் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? இந்த மறுப்பு நியாயமானது. அதனால் நாங்கள் கேட்பது இரண்டாவது ஆளை அன்று. நான்கு மணி நேரத்தை.

நம் ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் பார்க்க வருபவர்களுக்குக் குறைவில்லை. பார்வை நேரத்தில் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். பத்து நிமிடம் நின்று, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் திராட்சையும் வைத்து, “எல்லாம் சரியாயிரும்” என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போகிறார்கள். அந்தப் பத்துப் பேரில் மூவர் மட்டும், ஆளுக்கொரு நாள், பழம் ஏதும் வாங்காமல் வந்து, “நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு, நாலு மணி நேரம் தூங்கிட்டு வா, அதுவரைக்கும் நான் இருக்கேன்” என்று சொல்லட்டும். பேருந்துச் செலவைத் தவிர வேறு செலவில்லை. முறைக்கு வருபவரிடம் எந்த வேளைக்கு எந்த மாத்திரை, எவ்வளவு நீர், எதற்குச் செவிலியரை அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எழுத இயலாதவர்களுக்கு வார்டுச் செவிலியர் எழுதித் தருவார். அந்தத் தாளே டிஸ்சார்ஜுக்குப் பிறகு வீட்டுச் சுவரிலும் தொங்கலாம்.

அட்டெண்டர்கள் சிலர் போக மறுக்கிறார்கள் என்பதையும் அறிவோம். “நான் போயிட்டா அவருக்கு யாரு?” என்கிறார்கள். வேறு கையை நம்ப மனம் வருவதில்லை. ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும் சிலருக்கு உண்டு, குறிப்பாக மருமகள்களுக்கு. அவர்களிடம் நோயாளியே சொன்னால் வேறு யார் சொல்வதைக் காட்டிலும் பலிக்கும். ஆகவே இதைப் படிக்கும் நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள்: உங்களுக்குப் பேச முடிகிற நாளில், முதல் வேலையாக அவரை உறங்க அனுப்புங்கள்.

எங்கள் பங்குக்கு, டிஸ்சார்ஜ் விவரங்களை முந்தைய நாள் மாலையிலேயே, உறங்கி எழுந்து வந்த ஒருவரிடம் சொல்ல முயல்கிறோம். அவர் யார், எந்த நேரத்தில் வருவார் என்பதை உங்கள் வார்டுச் செவிலியரிடம் இன்றே சொல்லிவையுங்கள்.